வில்லியும் எங்கள் அறைச் சுவரும்

எந்தச் சுவரைக் கண்டாலும் விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. வங்கியானாலும் ஆஸ்பத்திரியானாலும் சரி. டொக்கென்று சத்தம் வந்தால் பலகை, விரல் வலித்தால் செங்கல். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. சினிமா, சீரியல், விளம்பரம் என்று எங்கே ஷூட்டிங் நடந்தாலும் லாரியில் ஜெனரேட்டரைக் கொண்டுபோய் நிறுத்தி, கேபிளை இழுத்துக் கொடுத்துவிட்டு, வெளியே டீசல் வாடையில் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததை எல்லாம் நீங்களும் பார்த்திருந்தால் உங்களுக்கும் இந்தப் பழக்கம் வந்திருக்கும். பளிங்குத் தூணை ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு போவான். பிரியாணியில் ஆவி பறக்க வைக்க மேசைக்கு அடியில் ஒருவன் மெஷினோடு குந்தியிருப்பான். மழை, தண்ணீர் லாரியில் வரும். இதில் ஊறிப்போனவனுக்கு எதன்மேல் நம்பிக்கை வரும்? அறையில் இருக்கிறவர்கள் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதைச் சொல்ல வேண்டி வந்தது லெபனான்காரரான ஒரு நடிகையால். இப்போது அவர் டைரக்டர். அவர் எடுத்த படம் ஏதேதோ ஊர் விழாக்களில் ஓடுகிறது, எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள். அதை நான் பாதிதான் நம்பியிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தின் முதல் நாள் ஷூட்டிங்கைப் பாதியில் நிறுத்தியவன் நான். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அவரை முதலில் டிவியில்தான் பார்த்தேன். ஜெனரேட்டர்களை நிறுத்தி வைக்கும் எங்கள் யார்டுக்குப் பக்கத்தில் மலையாளி ஒருவரின் டீக்கடை, இங்கே அதைக் கஃபெட்டீரியா என்பார்கள். சாயங்காலம் டீ குடிக்கப் போனால் அங்கே அரபி சீரியல் ஓடும். சிரியா, எகிப்து டிரைவர்கள் கும்பலாக உட்கார்ந்து பார்ப்பார்கள். பெரிய பணக்கார வீடு, அதில் சின்ன மருமகள் இவள். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பாள். பிறகு யார் காதிலாவது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். அடுத்த வாரம் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். கிளம்பு என்பதற்கு யல்லா, போதும் என்பதற்குக் கலாஸ், இல்லை என்பதற்கு மாஃபி, இதற்கு மேல் எனக்கு அப்போது அரபி தெரியாது. டீ போடுகிறவர்தான் கதை சொல்வார்.

"நோக்கிக்கோ, இப்ப அவ மாமியாரோட மருந்த மாத்தி வெக்கும்" என்பார்.

அவர் சொன்னதில் எவ்வளவு சீரியலில் இருந்தது, எவ்வளவு அவருடைய சொந்தச் சரக்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கண்ணுக்கு மொழி தேவைப்படவில்லை. ஒருத்தரைப் பார்க்க ஆரம்பித்தால் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சீரியல் முடிந்து இன்னொன்றில் வந்தாள், அங்கேயும் குடியைக் கெடுத்தாள். பிறகு கொஞ்ச காலம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது தலையில் நரை பூசி அம்மா வேஷம். மகனாக நடித்தவனுக்கும் அவளுக்கும் வயது ஒன்றுதான் இருக்கும். அவள் அழுதுகொண்டே சாப்பாடு பரிமாறியதை டீக்கடையில் ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. கெட்டவளாக இருந்தபோது இருந்த மவுசு நல்லவளான பிறகு போய்விட்டது.

அவரை நேரில் பார்த்தது ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்துக்குப் போனபோது. துபாயில் கொட்டகை மாதிரி ஒரு ஸ்டூடியோ. கேபிள் கொடுக்க உள்ளே போனேன். தங்க நிறத்தில் கொடி ஓடும் காகிதம் ஒட்டிய சுவர், அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குத் திரைச்சீலை. அதற்கு முன்னால் நின்று இவர் ஒரு தட்டை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். காலையெல்லாம் அதே சிரிப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் டைரக்டரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் இவர் முகத்தில் பூசியது பூசியபடியே வெளியே வந்து, என் லாரி நிழலில் நின்று டாக்ஸிக்குக் காத்திருந்தார். நான் டீசல் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அதே உடையில் வேறொரு சின்னப் பெண் அந்தத் தட்டை நீட்டிச் சிரித்தாள்.

சாயங்காலம் செட்டைப் பிரித்துக் குப்பையில் போட்டார்கள். ஜன்னல் இருந்த பலகையை மட்டும் நானும் என் அறையில் இருக்கும் ஒருவரும் லாரியில் ஏற்றிக்கொண்டோம். குப்பைதான் என்றாலும் யாரையும் கேட்டு எடுக்கவில்லை.

அதை எதற்கு எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். ஷார்ஜாவிலேயே முவைலா என்ற இடத்தில் எங்கள் லேபர் கேம்ப். ஒரு அறையில் மேலும் கீழுமாகக் கட்டில்கள், கம்பிக்குக் கம்பி கயிறு, கயிறெல்லாம் பனியன். ஊருக்குப் போனில் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்த பிறகு ஒவ்வொருத்தரும் ஒரு இடம் தேடுவோம். ஒருவர் பள்ளிவாசல் தோட்டத்துக்குப் போவார், ஒருவர் சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று பேசுவார். அந்தப் பலகை வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. கதவோரத்தில் நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் செடி வைத்து, பக்கத்திலேயே ஒரு பாதி சோபாவும் சேர்த்தோம். அதுவும் ஷூட்டிங் கழிசல்தான், முன்பக்கம் வெல்வெட், பின்பக்கம் வெறும் சட்டம். கட்டில் கால் போனில் தெரியாமல் இருக்க எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்து, தரையில் நான் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மூச்சுக்காட்டக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வர வேண்டும். அறையில் ஆளுக்கு ஒரு மாவட்டம். அதனால் ஊரில் ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பார்த்து, உங்க வீட்டுக்காரர் ஜன்னலும் அதே ஜன்னல்தானா என்று கேட்டுவிடும் ஆபத்து இல்லை. என் மனைவிக்கு முதல் நாளே அந்தத் திரைச்சீலை பிடித்துப்போயிற்று.

"நல்ல வீடாத்தான் இருக்கு. கம்பெனி குடுத்ததா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ரோடுதான்" என்றேன்.

அவள் எப்போதும் பச்சைச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து பேசுவாள். பேச்சுக்கு நடுவே பால் பொங்கினால் மகள் ஓடுவாள், வாசலில் யாராவது கூப்பிட்டால் மகள் ஓடுவாள். பிள்ளை பொறுப்பாகிவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

இப்படி இருக்கையில் ஒரு விடுமுறை நாளில் கேம்ப்பை மேற்பார்க்கும் கேம்ப் பாஸ் கதவைத் தட்டி, யாரோ ஒரு மேடம் அறை பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். பின்னால் நின்றது அந்தச் சின்ன மருமகள். ஜீன்ஸ், தலையை இழுத்துக் கட்டியிருந்தார், முகத்தில் ஒன்றுமே பூசவில்லை. டிவியில் இருந்தவரை அவள் இவள் என்று பேசிவிட்டோம், அறைக்குள் வந்ததும் எங்களுக்கு அந்தம்மா ஆகிவிட்டார். ஆனால் மேல் கட்டிலில் இருந்த சேலத்துக்காரர் மெதுவாக, "குடியக் கெடுக்கிறவ வந்திருக்காப்பா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்தம்மா எங்களைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தார். அதே இமைக்காத பார்வை. கிட்டே வந்து தங்கக் கொடியைத் தடவினார், திரைச்சீலையைத் தூக்கிப் பின்னால் வெறும் மரத்தைப் பார்த்தார், போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தார். செட்டுச் சாமானைத் திருடிவிட்டோம் என்று கம்பெனிக்குப் புகார் போகப்போகிறது, அதோடு விசா கேன்சல் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"இது என் வீடு, ஹபீபி" என்றார் என்னிடம்.

எடுத்த எடுப்பில் ஹபீபி, அன்பே என்று போடுகிற ஆளை நான் நம்புவதில்லை. "குப்பையில் கிடந்தது, மேடம்" என்றேன்.

"தெரியும். என்னையும் அன்றைக்கே போட்டார்கள்."

பாதி இங்கிலீஷ், பாதி அரபி, இடையில் எங்களுக்காக இரண்டு ஹிந்தி வார்த்தை. அப்படித்தான் எப்போதும் பேசுவார். வந்த காரணத்தைச் சொன்னார். ஊருக்குப் போன் பேசும் ஒரு ஆளைப் பற்றிப் படம் எடுக்கிறாராம். அதற்கு ஒரு அறை தேடி வந்தாராம். கேமராக்காரர் ஒருவர், சத்தம் பிடிக்க ஒருவர், இவர், அவ்வளவுதான் ஆட்கள். கடைசியாக நடித்தது இந்தச் சுவருக்கு முன்னால், முதல் படத்தை இந்தச் சுவரிலேயே தொடங்க வேண்டும் என்றார். கேட்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.

அன்றிலிருந்து டியூட்டி முடிந்து நாங்கள் வரும் நேரத்துக்குச் சரியாக வந்து கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் சமைப்பதை, வரிசையாகப் பலகைக்கு முன்னால் போய்ப் பேசுவதைப் பார்ப்பார். மற்றவர்கள் மெல்ல மெல்லக் கரைந்துவிட்டார்கள். சேலத்துக்காரரே ரசத்தில் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் மட்டும் பர்ஸைத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவேன்.

தன் கதையை அவரே சொன்னார். காலேஜில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவரை சீரியலுக்குக் கூப்பிட்டார்களாம். வில்லியாக ஒருமுறை ஓடியதும் வேறு வேஷம் கிடைக்கவில்லை. பெய்ரூட்டில் காய்கறிக் கடையில் ஒரு கிழவி இவரைக் கண்டதும் பேரனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாளாம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணிடம் இவரை நெருங்க விடவில்லையாம். டைரக்டர்களிடம், இந்த ஷாட்டை வேறு பக்கத்திலிருந்து வைத்தால் என்ன என்று கேட்டால், நீ உன் டேப்பில் போய் நில், அழகாக இரு, போதும் என்பார்களாம். நடிக்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டுகிற டேப்பைத்தான் சொன்னார். அதை விட்டு நகர்ந்தால் வெளிச்சம் போய்விடும், திட்டு விழும். ஊரில் வேலை இல்லாமல் போய் இங்கே வந்து, விளம்பரத்தில் தட்டு நீட்டி, அதிலிருந்தும் நிறுத்திய அன்றைக்கு, இனிமேல் யாரும் ஒட்டிய டேப்பில் நிற்பதில்லை என்று டாக்ஸியிலேயே முடிவு செய்தாராம்.

நான் சோதித்துப் பார்த்தேன். "மேடம், இப்போ அழ முடியுமா?" என்றேன்.

என்னையே பார்த்தார். கண் நிறைந்தது, வழிந்தது, உதடு நடுங்கியது. சேலத்துக்காரர் பதறி எழுந்துவிட்டார். உடனே கையால் துடைத்துக்கொண்டு, "சாய் இருக்கிறதா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அதுவரை சொன்ன கிழவி, கல்யாணம், டாக்ஸி எல்லாவற்றையும் எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டேன். நினைத்தபோது அழத் தெரிந்த ஆளின் எந்தச் சோகத்தை நம்புவது?

பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. ஒருநாள் நான் வீட்டில் பேசி முடித்துப் போனை வைத்தேன். அந்தம்மா நாற்காலியிலிருந்து, "உன் மனைவி ஏன் ஒருநாளும் எழுந்திருப்பதே இல்லை?" என்று கேட்டார்.

"என்ன?"

"பால் பொங்குகிறது, கதவில் ஆள் வருகிறது. அவள் நகர்வதில்லை. நீ டேப் ஒட்டி உட்கார்ந்திருக்கிறாய். அவளுக்கும் யாராவது ஒட்டியிருக்கிறார்களா?"

எனக்குச் சுருக்கென்றது. காதில் ஒரே ஒரு வார்த்தை. டீக்கடையில் எத்தனை சாயங்காலம் இதைப் பார்த்திருக்கிறேன். "மேடம், என் வீட்டுப் பேச்சு உங்களுக்கு வேண்டாம். கலாஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். நடிப்பு நின்றாலும் புத்தி நிற்கவில்லை என்று சேலத்துக்காரரிடம் திட்டித் தீர்த்தேன்.

திட்டினாலும் வார்த்தை உள்ளே போய்விட்டது. மறுநாள் பேசும்போது என்னையறியாமல் மனைவியின் முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பச்சை, அதே காலண்டர். போனை முகத்துக்கு அருகிலேயே வைத்திருந்தாள். கொல்லையில் வைத்த முருங்கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, காட்டேன் என்றேன்.

"அங்க டவர் கெடைக்காதுங்க" என்றாள்.

"வாசல்ல கெடைக்குமே. வாசலக் காட்டு."

"வாசல்ல என்ன இருக்கு, காட்டுறதுக்கு? நீங்க சாப்டீங்களா, அதச் சொல்லுங்க."

மகளைக் கூப்பிட்டு, போனை வாங்கி வீட்டைச் சுற்றிக் காட்டு என்றேன். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சார்ஜ் இல்லப்பா" என்றாள். போன் அணைந்துவிட்டது.

எனக்குத் தூக்கம் போயிற்று. நான் ஊருக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. கண்டிராக்டைப் புதுப்பித்ததில் போன லீவும் தள்ளிப்போயிருந்தது. அவளுக்கு எதிரே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, யார் சொல்லி அவள் அப்படி இருக்கிறாள், பிள்ளைக்கும் தெரிந்து மறைக்கிற விஷயம் என்ன? எழுதக் கை கூசுகிறது, ஆனால் ஒரு ஆண் நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன். ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியின் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். எல்லாமே டொக்கென்று கேட்டது. கூடவே இன்னொரு எண்ணம்: இது எல்லாமே அந்தப் பொம்பளை வைத்த தீ, வேண்டுமென்றே வைத்தது.

ஷூட்டிங் நாள் வந்தது. எங்கள் கம்பெனியின் ஆகப் பழைய ஜெனரேட்டரைத்தான் அந்தம்மாவால் எடுக்க முடிந்தது. அதற்கு ஆள் நான்தான். விடுமுறை நாள், காலை வெயில். கேம்ப் சந்தில் லாரியை நிறுத்தி, அறையின் நிஜ ஜன்னல் வழியாகக் கேபிளை உள்ளே விட்டேன். எங்களோடு ஒரு பேச்சு முன்னாலேயே முடிந்திருந்தது. பலகையை முன்பக்கம் மட்டும்தான் எடுக்க வேண்டும். கட்டில், கயிறு, பனியன், பாதி சோபாவின் முதுகு எதுவும் வரக் கூடாது. படத்தை நாளைக்கு யாராவது போனில் அனுப்பி ஊரில் பார்த்துவிட்டால், அறையில் இருக்கிற அத்தனை பேர் மானமும் போகும். அந்தம்மா தலையாட்டியிருந்தார்.

சேலத்துக்காரர்தான் நடித்தார். சோபாவில் உட்கார்ந்து போனில் பேசுவது போல. இரண்டு மூன்று முறை எடுத்தார்கள். கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தம்மா கேமராக்காரரிடம் அரபியில் ஏதோ சொன்னார். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பலகைக்குப் பின்னால் போனார். அங்கிருந்து பார்த்தால் வெறும் மரச்சட்டம், சோபாவின் எலும்பு, அதற்கும் அப்பால் தங்கள் முறைக்காகக் கட்டில்களில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள். அத்தனையும் அப்படியே கேமராவில் விழும்.

நான் லாரிக்குப் போய் ஜெனரேட்டரை அணைத்தேன். உள்ளே விளக்கெல்லாம் செத்தது.

கத்திக்கொண்டு வருவார் என்று காத்திருந்தேன். கம்பெனிக்குப் போன் போகும் என்றும் தெரியும். அந்தம்மா வந்தார், லாரி நிழலில் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அன்றைக்கும் நீதான் இருந்தாய்" என்றார். "எண்ணெய் விளம்பரத்தில். நான் இதே நிழலில் நின்றேன். உன் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது."

இவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"முன்பக்கம் மட்டும்னு சொன்னீங்க, மேடம்."

"சொன்னேன். உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது, முன்பக்கம் மட்டும் எடுத்தால் அது எண்ணெய் விளம்பரம். கேட்காமல் திருப்பியது தப்பு. வேண்டாம் என்றால் கேமராவைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன்."

"அது போகட்டும்" என்றேன். அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "என் வீட்டப் பத்தி ஏன் அப்படிச் சொன்னீங்க? சீரியல்ல பண்ணது பத்தாதா? நான் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். "அவள் என்ன மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. டேப்பில் நிற்கிறவளைப் பார்த்தால் மட்டும் எனக்குத் தெரியும், நான் அப்படியே நின்றவள். நீ அவளை நகரச் சொல்கிறாய். நீ நகர்ந்தாயா?"

அழுகை இல்லை, உதடு நடுங்கவில்லை. நடிப்பதாக இருந்தால் இதைவிட நன்றாக நடித்திருப்பார் என்று எனக்குப் பட்டது. அப்படியும் முழுசாக நம்பிவிடவில்லை. "நான் போன் பேசப் போறேன். கேமரா ஓடக் கூடாது" என்றேன்.

"ஓடாது."

உள்ளே போனேன். பலகைக்கு முன்னால் போய் டேப்பில் உட்கார்ந்து கூப்பிட்டேன். பச்சைச் சுவர் வந்தது, காலண்டர் வந்தது, அவள் வந்தாள். மகள் பக்கத்தில் இருந்தாள். என்ன இந்நேரத்துல என்று கேட்டாள். எழுந்து நின்று போனைத் திருப்பினேன். பலகையின் முதுகைக் காட்டினேன், சோபாவின் சட்டத்தைக் காட்டினேன், கயிற்றில் தொங்கும் பனியன்களை, கட்டில்களில் இருந்தவர்களைக் காட்டினேன். சேலத்துக்காரர் எழுந்து அவளுக்குக் கும்பிடு போட்டார்.

"இதான் ரூம்" என்றேன். "மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். அந்த ஜன்னல் வெறும் பலகைதான். அதுக்குப் பின்னாடி ரோடெல்லாம் இல்ல."

போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், நிற்கவில்லை.

"நீங்க எங்க படுப்பீங்க?" என்றாள் கடைசியில்.

என் கட்டிலைக் காட்டினேன். மேல் கட்டில், பக்கவாட்டில் இரும்பு ஏணி.

"இருங்க" என்றாள். "போன இப்படிச் சாய்ச்சு வெக்கிறேன்."

பச்சைச் சுவர் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவளை முழுசாகப் பார்த்தேன். நாற்காலியின் கையைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து எழுந்தாள். மகள் எங்கிருந்தோ ஒரு கைத்தடியை எடுத்துக் கொடுத்தாள், தினமும் கொடுத்துப் பழகிய கை. ஒரு காலை இழுத்து இழுத்து வாசல் வரை நடந்து போனாள். திரும்பி நடந்து வந்தாள். அவ்வளவு தூரத்துக்கே மூச்சு வாங்கியது.

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன். போன மழையப்போ. தொடையில கம்பி வெச்சிருக்கு" என்றாள். "நீங்க அவ்வளவு நல்ல வீட்டுல நிம்மதியா இருக்கீங்க, அத ஏன் கெடுக்கணும்னுதான் சொல்லல. எல்லாரையும் சொல்லக் கூடாதுன்னுட்டேன்."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் திரும்பினேன். கேமராவின் மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. அந்தம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி, கதவுப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அந்தக் கதவை வெகு நேரம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அழாதீங்க" என்றாள் போனில். காலண்டருக்குக் கீழே மறுபடி உட்கார்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டு, என் கட்டிலை இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஏணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெனமும் அதுல ஏறி எறங்குறதுக்கு உங்களுக்குக் கால் வலிக்கலையா?" என்று கேட்டாள்.